விசுவாசம் பத்தலையா?

போன மாசம் ஒரு நைட் டூட்டி. லிவர் ஃபெயிலியரில் இருந்தவர் விடியற்காலையில் இறந்துவிட்டார். அவர் மனைவி அழவில்லை. "என் விசுவாசம் பத்தலையா சார்?"னு மட்டும் கேட்டாங்க. யாரோ ஒரு ஊழியக்காரர் அப்படிச் சொல்லியிருக்கார். எனக்கு வந்த கோபம் இருக்கே!

நானும் சர்ச்சுக்குப் போறவன்தான். சொன்னேன்: "அக்கா, பவுல் தன் உடம்பில் இருந்த முள்ளை எடுக்கச் சொல்லி மூணு தடவை வேண்டினார். எடுக்கப்படல. கெத்செமனேல இயேசுவே கேட்டார், பாத்திரம் நீங்கல. அவங்களுக்கும் விசுவாசம் பத்தலையா?"

கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல் அஸ்திவாரமாகக் காட்டுவது நமக்குக் கிடைத்த சுகத்தை இல்லை, கிறிஸ்து மரித்து உயிர்த்ததை. அது நடக்கலன்னா எல்லாமே வீண் என்று அவரே ஒத்துக்கிறார். நாம எவ்வளவு இறுக்கமா நம்பினோம் என்பது அந்தக் கணக்கிலேயே இல்லை.

பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அக்கா அப்போதான் அழுதாங்க.