பெருங்காய டப்பா

சில நோய்களின் பெயரை உரக்கச் சொல்லலாம். சிலவற்றை முணுமுணுக்கத்தான் வேண்டும் என்பது நம் வீடுகளின் சம்பிரதாயம். நீரிழிவு என்றால் அநுதாபம், எச்.ஐ.வி. என்றால் நிசப்தம்!

சில மாதங்களுக்கு முன், தூர உறவில் நமக்குச் சித்தி முறையாகும் அம்மாள் ஒருவர் நம் வீட்டில் வந்து தங்கினார். இரவு மணி ஒன்பது அடித்ததும் பையிலிருந்து ஒரு பெருங்காய டப்பாவை எடுத்தார். அதிலிருந்த மாத்திரை ஒன்றை விழுங்கினார்.

"பெருங்காயத்தில் மாத்திரைகூட விளைகிறதா, சித்தி?" என்று பரிகாசம் செய்தோம்.

அவர் சிரிக்கவில்லை. "எச்.ஐ.வி.க்கு மருந்து, அப்பா. உன் சித்தப்பா எனக்கு வைத்துப் போன ஆஸ்தி. கலியாணத்துக்கு முன் ஜாதகம் பார்த்தார்கள், இரத்தம் பார்க்கவில்லை" என்றார்.

மாமியாருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, ஒரு வருஷம் மருந்தையே நிறுத்தியிருந்தாராம். உயிர் போய் மீண்டதாம். அதற்குப் பிறகுதான் டப்பா.

மறுநாள் காலை சித்தி காபி கலந்து நீட்டினார். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்: நம் கை ஒரு கணம் தயங்கியது. ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிற கை! சித்தி அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

காபியினால் இக்கிருமி பரவாது என்பது நமக்குத் தெரியாததன்று. 1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சில பெண்களின் இரத்தத்தைச் சோதித்து, இந்நோய் இந்தியாவுக்கு வந்துவிட்டதை முதலில் கண்டறிந்தார்கள். 'நடத்தை கெட்டவர்களின் நோய்' என்ற அபவாதம் அப்போதே ஒட்டிக்கொண்டது. பின்னர் வைத்தியரிடம் வந்த பெண்களிற் பலரோ கணவனைத் தவிர வேறொருவரை அறியாதவர்கள்.

2004 முதல் சர்க்கார் இலவசமாகவே மருந்து வழங்கி வருகிறது. அதை நாள் தவறாமல் உட்கொண்டு, சோதனையில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்த நிலை நீடித்தால், தாம்பத்திய உறவினால் அது மற்றவருக்குத் தொற்றுவதில்லை. கர்ப்பிணி மருந்துண்டால் குழந்தையையும் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மற்ற மேக நோய்களுக்கு மட்டும் ஆணுறையின் காவல் அவசியம். வைத்திய சாஸ்திரம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. நாம்தான் ஒரு காபி டம்ளரைக் கடக்க முடியாமல் நிற்கிறோம்!

சித்தி அடுத்த மாதம் மறுபடியும் வருகிறார். அலமாரியில் நமது இரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்தில் அவருடைய மருந்துக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறோம். பெருங்காய டப்பாவில் இனிமேல் பெருங்காயமே இருக்கட்டும்.