கயிற்றால் தைத்த வீடு

மே 28, செம்பட்டி

நார் மில்லைப் பெரியவனிடம் ஒப்படைத்துவிட்டு நாளைக் காலையில் கிளம்புகிறேன். ஆலப்புழையில் படகைக் கரையேற்றும் காலம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறை முடிந்து சவாரி குறைவதும் மழை பிடிப்பதும் ஒன்றாக வருவதால், அங்கே படகு வீடுகளுக்கு ஜூனும் ஜூலையும்தான் பராமரிப்பு மாதங்கள்.

"தண்ணியில்லாத ஊருல இருந்துக்கிட்டு உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை படகு?" என்று மச்சினர் இன்றும் கேட்டார். ஆயிரம் அடி போர் போட்டும் புழுதி பறக்கிற மண் இது என்பது உண்மை. தென்மேற்குப் பருவம் எங்களுக்குக் காற்றாக மட்டும்தான் வந்து சேரும். ஆனால் என் தொழில் தேங்காய் நார். இங்கே மட்டை அடித்து எடுக்கும் நார், கட்டுக் கட்டாக லாரியேறி ஆலப்புழைக்குப் போகிறது. கேரளத்துக் கயிற்றுத் தொழில் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டு நாரை நம்பித்தான் நடக்கிறது. அந்தக் கொடுக்கல் வாங்கலில் நெருக்கமான ஒருவர் கயிற்றால் தைத்த பழைய படகான கெட்டுவள்ளம் ஒன்றில் பாதிப் பங்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தேன். எங்கள் ஊர் வழியாகப் போகும் 183-ஆம் எண் நெடுஞ்சாலை திண்டுக்கல்லில் புறப்பட்டு, வத்தலக்குண்டு, தேனி, கம்பம், குமுளி ஏறி, கோட்டயத்தில் இறங்குகிறது. கோட்டயத்திலிருந்து வேம்பநாட்டுக் காயல் கூப்பிடு தூரம்.

ஜூன் 1, ஆலப்புழை

படகைக் கரையேற்றினோம். தென்னந்தடிகளை உருளையாக அடியில் கொடுத்து, வடம் கட்டி இழுக்கும் பழைய முறைதான். முழுப் பகலும் போய்விட்டது. நீரில் மிதக்கும்போது நம் கண்ணுக்குப் படுவது ஓலைக்கூரையும் மூங்கில் சன்னலும் மட்டும். கரையேறிய பிறகுதான் அடிவயிறு தெரிகிறது. பாசி, ஒட்டிக்கிடக்கும் சிப்பி, அங்கங்கே உப்பிய நார்.

இரவு அதே படகில்தான் படுத்தேன், தரையில் நிற்கும் படகில். ஆடாத படகில் தூக்கம் வரவில்லை.

ஜூன் 4

மூத்தாசாரி இன்று தையலைப் பிரித்துக் காட்டினார். இந்த வேலையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் போதவில்லை.

அஞ்சிலி மரப் பலகைகள். நாஞ்சில் நாட்டில் அயினி என்பார்கள். பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, இணைப்பின் மேல் நார்த்திரியை அழுத்தி வைத்து, இரு பக்கமும் துளையிட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஆணி கிடையாது. துளைகளை நாரால் அடைத்து, எல்லாவற்றின் மேலும் முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுத்த எண்ணெயைப் பூசுகிறார்கள். கறுப்பாக, கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் எண்ணெய் அது. மரத்தைப் பூச்சி அண்டாமல் காப்பதும் அதுதான். முன்பு மீன் எண்ணெயும் பூசியிருக்கிறார்கள்.

அலை வந்து மோதும்போது ஆணியடித்த பலகை விறைத்து நிற்கும். தைத்த பலகை கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். அடிப்பலகை கெட்டால் அந்த ஒன்றை மட்டும் பிரித்து மாற்றலாம். ஒரு நல்ல வள்ளம் தலைமுறைகளைத் தாண்டி நிற்பதற்கு இதுதான் காரணம். மரம் மாறும், கயிறு மாறும், படகு இருக்கும். ஆனால் தையல் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கருநாகப்பள்ளி பக்கம் ஆலும்கடவில் இன்னும் கட்டுகிறார்கள். இங்கே பல முதலாளிகள் தையலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அடிப்பகுதிக்கு ஃபைபர் பூசிவிடுகிறார்கள். செலவும் நேரமும் மிச்சம் என்பது உண்மை. உள்ளே மரம் உளுத்தால் வெளியே தெரியாது என்பதும் உண்மை. நான் தையல் பக்கம்.

ஜூன் 7

மழை. வேலை நின்றது. கரையில் கிடக்கும் மரம் வெயிலில் காய்ந்தால் வெடிக்கும் என்பதால், மழை வரும்வரை ஓலைப் பந்தல் போட்டு ஈரச்சாக்கு போர்த்தியிருந்தோம். இப்போது அந்தக் கவலை இல்லை.

ஜூன் 10

மூத்தாசாரியின் அப்பா காலத்தில் இந்த வள்ளங்களில் யாரும் உல்லாசமாகப் போனதில்லை. குட்டநாட்டு நெல்லையும் கயிற்றையும் கொப்பரையையும் கொச்சிக்குச் சுமந்தவை இவை. பெரிய வள்ளம் 30 டன் வரை தாங்கும். கழுக்கோல் ஊன்றித் தள்ளியும், காற்றிருந்தால் பாய் விரித்தும் போவார்கள். போகிற வழியெல்லாம் தோணிக்காரருக்கு அதுவேதான் வீடு. பின்பக்கத்தில் அடுப்பு, ஓலை வளைவின் கீழ் படுக்கை. பிறகு பாலங்களும் லாரிகளும் வந்தன. ஆலப்புழை–சங்கனாச்சேரி சாலை வயல்களின் நடுவே போடப்பட்டது. வள்ளங்கள் கரையோரம் மட்கத் தொடங்கின. 1990-களின் தொடக்கத்தில் யாரோ அவற்றின் மேல் அறை கட்டிச் சுற்றுலாக்காரரை ஏற்றிய பிறகுதான் அவை மறுபடி தண்ணீர் கண்டன.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் பக்கிங்காம் கால்வாய் நினைவுக்கு வந்து நெஞ்சு கனக்கிறது. சென்னையிலிருந்து எண்ணூருக்கு 1806-இல் வெட்டத் தொடங்கியது. அப்போது அது காக்ரேன் கால்வாய். 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. தாது வருடப் பஞ்சத்தில், கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே இருந்த துண்டைப் பசித்த மக்களைக் கொண்டு வெட்டி இணைத்தார்கள். 1878-இல் ஆளுநரின் பெயரைச் சூட்டினார்கள். வடக்கே ஆந்திரத்திலிருந்து தெற்கே மரக்காணம் வரை உப்பும் விறகும் நெல்லும் படகில் வந்தன. கரையில் ஒருவர் கயிறு பிடித்து இழுக்க, படகில் ஒருவர் கழி ஊன்ற, இரவில் போய் விடியும்போது ஊர் சேர்ந்திருக்கிறார்கள். பாரதிதாசன் அப்படி ஒரு பயணத்தைத்தான் 'மாவலிபுரச் செலவு' என்று பாட்டாக்கினார். 1965, 1966 புயல்களில் கால்வாய் சிதைந்தது. பிறகு யாரும் அதைப் படகுக்காகத் தூர்வாரவில்லை. பறக்கும் ரயிலின் தூண்களை அதற்குள்ளேயே இறக்கினோம். 2008-இல் அதை நான்காம் தேசிய நீர்வழியில் சேர்த்தார்கள். சேர்த்த பின்னும் மயிலாப்பூரில் அது சாக்கடையாகத்தான் கிடக்கிறது.

நீரின் மேல் பிழைப்பவன் போய்விட்டால், அந்த நீரை நாளும் பார்க்க ஆளில்லாமல் போகிறது என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காயலைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு முழுசாக நிற்கவில்லை. அதைப் பின்னால் எழுதுகிறேன்.

ஜூன் 21

காகித வேலை. படகு வீட்டுக்குத் துறைமுக அலுவலகத்தில் பதிவு வேண்டும். கட்டுமானத்தை ஆய்வாளர் பார்க்க வேண்டும். காப்பீடு, தீயணைப்புக் கருவி, ஆளுக்கொரு மிதவைச் சட்டை. படகைச் செலுத்தும் ஸ்ராங்கு, என்ஜின் பார்க்கும் டிரைவர், வடம் பிடிக்கும் லஸ்கர் என்று உரிமம் பெற்ற ஆட்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு 2021-இல் மத்திய அரசு உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச் சட்டம் கொண்டுவந்தது. என் படகுப் பங்காளி இதையெல்லாம் சுமையாகப் பேசுவார். நான் பேசமாட்டேன். 2009-இல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். நாங்கள் குமுளி வழியாகப் போகும்போது ஒதுங்கிப் போய்ப் பார்க்கும் அதே ஏரி.

ஜூலை 2

படகை நீரில் இறக்கினோம். முதல் இரவு தண்ணீர் கசியும், கசியத்தான் வேண்டும். காய்ந்த பலகை நீர் குடித்து உப்பி, நாரை நெருக்கி, தானாகவே இடுக்கை மூடும்வரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்பு ஓடியது. நானும் ஸ்ராங்கும் மாறி மாறி விழித்திருந்தோம்.

"அண்ணா, வெப்ராளப்படாதீங்க. மரத்துக்கு நீர் ஓர்மை வரணும்" என்றார். விடியும்போது கசிவு வெகுவாகக் குறைந்திருந்தது.

ஜூலை 5

படகில் குடியிருப்பது எப்படி என்று ஊரில் கேட்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

காலையில் முதல் வேலை அடித்தளத்தைத் திறந்து எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அப்புறம்தான் காபி. கட்டியிருக்கும் கயிறுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; நீர்மட்டம் ஏறினால் இறுகும், இறங்கினால் தொய்யும். ஆகாயத்தாமரை வந்து என்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும், கத்தியோடு இறங்கி அறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மெத்தை பூஞ்சை பிடிக்கும். கூரையில் பனம்புப் பாய் ஒழுகும் இடத்தை உடனே மாற்றாவிட்டால் கீழே மரம் கெடும். கேஸ் உருளையை அடைத்த இடத்தில் வைக்கக்கூடாது. கசிந்த வாயு காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகை நிறுத்திவிட வேண்டும், அதன் பிறகு காயல் வலை வீசுபவர்களுடையது. இது நல்ல ஏற்பாடு.

இதற்கு நடுவே சுகம் எங்கே என்றால், இந்த வேலைகளுக்குள்ளேதான். கரையில் குடைபிடித்துப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், கடைச் சாமானோடு போகும் தோணி, மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு. எங்கள் ஊரில் டவுன் பஸ்ஸைப் பார்த்து மணி சொல்வதுபோல இங்கே படகைப் பார்த்து மணி சொல்கிறார்கள்.

ஜூலை 9

குட்டநாட்டு வரப்போரம் கட்டியிருந்தோம். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல்கள். படகின் பக்கத்தில் நீர், வரப்புக்கு அப்பால் ஆறேழு அடி கீழே நெல்வயலுக்கான மண். அந்த வரப்பின் மேல் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டு நின்றார்கள், குடிதண்ணீர்ப் படகுக்காக. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்.

எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைக்கும் வரிசை இதே வரிசை. அங்கே தண்ணீர் இல்லை; இங்கே இருக்கும் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. நான் நெடுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் படகின் கழிப்பறையும் இந்த நீரின் மேல்தான் மிதக்கிறது.

ஜூலை 13

பர்மிங்காமில் இருக்கும் தங்கை மகன் போனில் பேசினான். "மாமா, இங்கயும் கால்வாய்ல குடியிருக்காங்க" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம். அங்கே படகின் அகலம் ஏழடிக்குள். பழைய மதகுகளின் அகலம் அவ்வளவுதான். அடிப்பகுதி இரும்பு. இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை கரையேற்றிக் கறுப்புச் சாயம் பூசுவார்கள். துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அடியில் வேறோர் உலோகத் துண்டைப் பதித்திருப்பார்கள். நாலு ஆண்டுக்கொரு பாதுகாப்புச் சான்று. நிலையான கட்டுமிடம் இல்லாதவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் பொதுவாகத் தங்கக்கூடாது.

ரயிலும் லாரியும் வந்து அந்தக் கால்வாய்களும் தூர்ந்துபோக இருந்தவைதான். 1944-இல் எல். டி. சி. ரோல்ட் என்பவர் தன் படகு வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதைப் படித்தவர்கள் சேர்ந்து 1946-இல் சங்கம் வைத்தார்கள். மூடவிருந்த கால்வாய்களை ஒவ்வொன்றாக மீட்டார்கள். இன்று படகுக்காரர் கட்டும் உரிமக் கட்டணத்தில் ஒரு பங்கு கால்வாயைப் பராமரிக்கப் போகிறது. கழிவுத் தொட்டியைக் காலி செய்யக் கரையோரம் இடங்கள் இருக்கின்றன.

அந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஜூலை 19

வேம்பநாட்டுக் காயல் 2002-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய நீர்நிலை. மீனச்சில், மணிமலை, பம்பை, அச்சன்கோவில் என்று மலையிலிருந்து வரும் ஆறுகள் சேருமிடம். இதன் குறுக்கே 1976 முதல் தண்ணீர்முக்கம் தடுப்பணை நிற்கிறது. டிசம்பர் வாக்கில் மூடினால் கோடையில்தான் திறப்பார்கள், உப்பு நீர் நெல்லுக்குள் ஏறாமல் இருக்க. நெல்லுக்கு அது வேண்டும். ஆனால் மூடிய மாதங்களில் நீர் அசையாமல் கிடக்கிறது. உப்புப் பட்டால் சாகும் ஆகாயத்தாமரை கொழுக்கிறது. இறாலும் மீனும் ஏறி வர வழியில்லை. படகு வீடுகளுக்குச் சவாரி அலைமோதுவதும் சரியாக அதே மாதங்களில்தான்.

மலக்கிருமி இந்த நீரில் மிகுதி என்று ஆய்வுகள் பலமுறை சொல்லிவிட்டன. வீடுகள், நகரச் சாக்கடை, வயலின் மருந்து எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. எங்களுக்கும் உண்டு. படகு வீடுகளில் கழிவுத் தொட்டி இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டி நிறைந்ததும் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய் இறைத்துவிட வேண்டும். அதற்கு நேரமும் டீசலும் பணமும் ஆகும். இருட்டில் திறந்துவிட்டால் ஒன்றும் ஆகாது. நீர்மேல் பிழைக்கிறவன் எல்லாம் நீரைக் காப்பான் என்ற என் நினைப்பு இங்கேதான் உடைந்தது. காக்க விரும்புகிறவன் காப்பான், அதற்குக் கரையில் வசதியும் மேலே கண்டிப்பும் இருந்தால் மற்றவனும் காப்பான்.

ஜூலை 24

பங்காளியோடு இரவு நெடும்பேச்சு. அவருக்கு இன்னோர் அறையும் பெரிய ஏ.சி.யும் வேண்டும், வாடகை ஏறும் என்கிறார். எனக்குத் தொட்டியைப் பெரிதாக்க வேண்டும், விளக்குக்கும் மின்விசிறிக்கும் கூரையில் சூரியத் தகடு வேண்டும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 முதல் ஆதித்யா என்ற படகு, 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய மின்சாரத்திலேயே ஓடுகிறது. சத்தம் இல்லை, எண்ணெய்ப் படலம் இல்லை. அதில் நாளை ஒரு முறை கூட்டிப்போகிறேன் என்றேன். சரி என்றார்.

ஜூலை 30

பங்காளி தொட்டிக்குச் சம்மதித்துவிட்டார். அறை கிடையாது. ஏ.சி. பேச்சு அடுத்த வருடம். சூரியத் தகடு பாதி இந்த வருடம்.

நாளை ஊருக்கு. ஆகஸ்ட்டில் வள்ளங்களி என்னும் படகுப் போட்டிக்குக் கூட்டம் வரத் தொடங்கும், அதோடு சவாரிக் காலம். திண்டுக்கல், தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக ஆலப்புழைக்கு வருகிறோம். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். படகை அமர்த்தும்போது அறை குளிர்கிறதா, சாப்பாட்டில் கரிமீன் உண்டா என்று கேட்கிறீர்கள். கேளுங்கள். அதோடு கழிவுத் தொட்டி எவ்வளவு பெரியது, கடைசியாக எங்கே, எப்போது காலி செய்தீர்கள் என்றும் கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாத படகில் ஏறாதீர்கள், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.