அகல்திரை வாங்கச் சென்ற கதை

கணினி விளையாட்டில் எனக்குள்ள பற்றினை நண்பர்கள் நன்கறிவர். சென்ற விடுமுறையில், பழுதுற்ற பழந்திரைக்கு மாற்றாகப் புதியதொன்று வாங்கக் கருதி, தந்தையாருடன் கம்பத்தினின்று தேனிக்குச் சென்றேன். கையிலிருந்தது ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கடையில் 34 அங்குலத் திரையொன்று, 21:9 என்னும் விகிதத்தில், எம்மூர் மேற்கு மலைபோல் நீண்டு விளங்கிற்று. கண்டதும் மனம் அதன் வயப்பட்டது.

தந்தையார் உழவர், கணினி அறியாதவர். அவர் வினவியது ஒன்றே: "இத்தனை அகலத்துக்கும் உன் பெட்டி ஈடு கொடுக்குமா, தம்பி? தண்ணீர் பார்த்துத்தானே நாற்றுப் பாவுகிறோம்?"

நாணிக் கணக்கிடலானேன். 1920×1080 திரையிற் புள்ளிகள் ஏறக்குறைய 20 லட்சம். 3440×1440 திரையிலோ 49 லட்சத்துக்கு மேல். அத்தனையையும் நொடிக்கு 60 முறை வரைந்தளிப்பதே என் வரைகலை அட்டைக்கு இயலாத காரியம். ஆட்டம் திக்கித் திக்கி நகரும். பழைய ஆட்டங்கள் பலவும் அவ்வகலத்தை நிரப்பாது இருபுறமும் கரும்பட்டையே காட்டும். உயரத்திலும் ஊதியமில்லை, 27 அங்குல 16:9 திரையின் உயரமே அதற்கும்.

முல்லைப் பெரியாற்று நீர் ஓடும் எம் பள்ளத்தாக்கிலும் இருபோக நிலம் 14,707 ஏக்கர் என்று வரையறுத்தே வைத்துள்ளனர். எனவே, நொடிக்கு 144 முறை புதுப்பிக்கும் 24 அங்குல 1920×1080 திரையையே தெரிந்தெடுத்தேன். மீந்த பணத்தைத் தந்தையாரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "அந்த அட்டைக்குச் சேர்த்து வை" என்றார்.