போகச் சொல்லுறது ஆர்?

2018 ஏப்ரலில் ஆர்சன் வெங்கர் ஆர்சனலை விட்டுப் போவதாக அறிவித்தபோது நாங்கள் ஓ.எல். படிச்சுக்கொண்டிருந்தம். 'வெங்கர் அவுட்' எண்டு பேஸ்புக்கில் எழுதின பெடியள்தான் நாங்களும். ஆனா அண்டைக்கு ஒருத்தருக்கும் சந்தோசம் வரேல்ல.

22 வருசம் இருந்த மனிசன். 2003-04 பருவத்தில் 38 லீக் ஆட்டங்களிலும் தோற்காத அணியை உருவாக்கியவர். அதை நாங்கள் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தது 2017இல் பேயர்ன் மியூனிச்சிடம் இரண்டு தரமும் 5-1 எண்டு தோற்றதை. அதே வருசம் எப்.ஏ. கிண்ணம் வென்றார், புது ஒப்பந்தமும் எடுத்தார். அடுத்த பருவம் ஆறாம் இடம். அதோட முடிஞ்சுது.

'போனா பேர்கசன் மாதிரிப் போகவேணும்' எண்டு எல்லாரும் சொல்லுவினம். 2013இல், 71 வயதில், 13ஆவது லீக் பட்டத்தோட போனவர். ஆனா அவர் 2002இலேயே, 60 வயதில், ஓய்வு பெறுவதாகச் சொல்லிப்போட்டு மனம் மாறினவர். அண்டைக்குப் போயிருந்தா பிறகு வந்த ஆறு லீக் பட்டங்களும் 2008 சம்பியன்ஸ் லீக்கும் அவருடையதாக இருந்திராது. ஆகவே வயது அளவுகோல் இல்லை. வென்றுகொண்டு போவதும் முழு விடை இல்லை. அவர் போன அடுத்த பருவமே யுனைட்டட் ஏழாம் இடம். பருவம் முடிய முன்னமே டேவிட் மொய்ஸை அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்குப் படுகிறது இதுதான்: பக்கத்தில் நிண்டு 'இது பிழை' எண்டு சொல்ல ஆளில்லாமல் போகிற நாளில்தான் ஒரு முகாமையாளருடைய காலம் முடியத் தொடங்குது. ஆர்சனலில் உபதலைவராக இருந்த டேவிட் டீன் 2007இல் வெளியேறினார். அதுக்குப் பிறகு வெங்கரோட சரிசமமாக் கதைக்க ஆள் இருந்ததாக எங்களுக்குத் தெரியேல்ல.

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம் எங்கட ஊர்க் கழகம். எங்களுக்குப் பந்து பழக்கின சேருக்கு அறுபது தாண்டிட்டுது. கிழிஞ்ச பந்தைத் தானே தைச்சவர், மட்ச்சுக்குப் போக பஸ் காசு தந்தவர். சில வருசமா அதே பழைய பயிற்சி, அதே தோல்வி. போன மார்கழி லீவில் பொதுக்கூட்டத்துக்கு ஒரு கடிதம் எழுதினாங்கள். நாங்களும் கையெழுத்து வைச்சம்.

கடிதத்தை வாசிச்சு முடிய அவர் ஒண்டுதான் கேட்டார்: "ஏன்டா தம்பியள், ஒருத்தரும் எனக்கு நேர சொல்லேல்லையே?"

உண்மைதான். வட்ஸ்அப்பில் எல்லாம் சொன்னம். அவருக்கு மட்டும் சொல்லேல்ல. அறைத் திறப்பை மேசையில் வைச்சிட்டு எழும்பிப் போனார்.

போன கிழமை வேலிக்கரையில் நிண்டு மட்ச் பாத்தார். "இடப்பக்கம் வெறுமையாக் கிடக்கு" எண்டார். சரியாத்தான் சொன்னார். அதைப் புதுக் கோச்சிட்டப் போய்ச் சொன்னம். 'உள்ள வாங்கோ சேர்' எண்டு அவரைக் கூப்பிட மட்டும் எங்களுக்கு இன்னும் வாய் வரேல்ல.