வீட்டு வாசலில் ஒரு பாய்மரம்

போர்ட்டிக்சன் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும்? பள்ளி விடுமுறை, வாடகை பஸ், அடுக்குச் சட்டியில் புளிச்சோறும் அவித்த முட்டையும், தெலுக் கெமாங் கரையில் முழங்கால் அளவுத் தண்ணீர். ‘உள்ளே போகாதே!’ என்று கரையிலிருந்து அம்மா போடும் சத்தம். சுவா பெத்தோங், பிராட்வால், லின்சம் என்று கடலுக்கு இவ்வளவு அருகில் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்தும், நம்மில் பெரும்பாலோருக்குக் கடல் அந்த முழங்காலோடு நின்றுவிட்டது.

வேடிக்கைதான். நம் பாட்டன்மார் வந்ததே கடல் வழியாக அல்லவா? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, ரஜூலா போன்ற கப்பல்களின் தளத்தில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். இறங்கியதும் ரயில்; ரயிலை விட்டால் தோட்டம். அதற்குப் பிறகு கடலோடு அவர்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை. தூரத்தில் வெள்ளைப் பாய் விரித்துப் போகும் சின்னப் படகுகளைப் பார்த்தால், அதெல்லாம் துரைமார் விளையாட்டு என்று சொல்லிக் குழந்தையின் தலையைத் துவட்டினோம்.

அப்படிச் சொன்னதில் அந்தக் காலத்துக்கு நியாயம் உண்டு. ராயல் போர்ட்டிக்சன் படகுச் சங்கம் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியதுதான். ஆனால் இன்று அங்கே பாய் விரிப்பவர்களில் எல்லா இன மலேசியரும் இருக்கிறார்கள். படகு வைத்திருக்கக் கடற்கரையில் பங்களா வேண்டும் என்பதும் இல்லை. காரின் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகும் படகுகள் உண்டு. வேலை நாளில் அது உங்கள் வீட்டு ஓரத்தில் ரம்புத்தான் மரத்தடியில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய்ச் சாயந்தரம் வீடு திரும்பும். இந்த ரகத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்தேன்.

உதாரணத்துக்கு ‘வேஃபேரர்’ என்ற படகை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இயன் புரோக்டர் என்பவர் 1957-இல் வடிவமைத்தது. நீளம் 4.82 மீட்டர், அதாவது பதினாறு அடிக்குக் கொஞ்சம் குறைவு. வெறும் படகின் எடை சுமார் 170 கிலோ. நாலு பேர் உட்காரலாம். நடுவில் ஒரு பலகை மேலும் கீழும் போகும். ஆழத்தில் அதை இறக்கிவிட்டால் காற்று பக்கவாட்டில் தள்ளினாலும் படகு வழுக்காமல் முன்னேறும். கரைக்கு வரும்போது தூக்கிவிட்டால் கணுக்காலுக்குச் சற்று மேலான தண்ணீரிலேயே மிதக்கும். பிராங்க் டை என்ற ஆங்கிலேயர் இதே ரகத் திறந்த படகில் 1963-இல் ஐஸ்லாந்துக்கும் 1964-இல் நார்வேக்கும் போனார். வழியில் புயலில் படகு கவிழ்ந்து, நிமிர்த்தி, மறுபடி கவிழ்ந்து, மறுபடி நிமிர்த்தி ஓட்டிய மனிதர். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். தஞ்சோங் துவான் போதும்.

சிரம்பானிலிருந்து காலையில் புறப்படுங்கள். மம்பாவ், லுக்குட் தாண்டினால் உப்புக் காற்று மூக்கில் ஏறும். லுக்குட் அரும்பொருளகத்தை மட்டும் திரும்பும்போது பார்ப்பதென்று குறித்து வையுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன். பின்னால் டிரெய்லர் இருப்பதை வளைவுகளில் மறந்துவிடாதீர்கள். அது காரைவிட உள்வாங்கித்தான் திரும்பும். கரையோரச் சாலையில் சில கட்டை போனால், சங்கம் போன்ற இடங்களில் படகு இறக்கும் சரிவு இருக்கும். முதலிலேயே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அலுமினியப் பாய்மரம் கம்பியில் பட்டால் கடலைப் பார்க்காமலே கதை முடிந்துவிடும்.

காலை ஒன்பது, பத்து மணிக்குத் தண்ணீர் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடக்கும். அவசரப்படாதீர்கள். வெயில் ஏறித் தரை சூடானதும் கடற்காற்று மெல்லக் கிளம்பும். பாய் ஒருமுறை படபடவென்று அடித்து, பிறகு வயிறு புடைத்து நிற்கும். கயிற்றை இழுத்துப் பிடித்ததும் படகு ஒரு பக்கம் சாய்ந்து, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளியது போல் நகரும். மோட்டார் சத்தம் இல்லை, எண்ணெய் வாடை இல்லை. அடிப்பலகையில் தண்ணீர் பேசும் சத்தம் மட்டும். பயந்து கத்தும் பிள்ளைகள் கால் மணி நேரத்தில் ‘இன்னும் வேகமாக’ என்பார்கள். வேகம் என்று பார்த்தால் சைக்கிள் வேகம்கூடச் சில வேளை தேறாது!

கரையை இடப்பக்கம் வைத்துத் தெற்கே போங்கள். தண்ணீர் ஏறும்போது நீரோட்டம் மலாக்காப் பக்கம் இழுக்கும். இறங்கும்போது கிள்ளான் பக்கம். ஏற்றத்தில் போய் இறக்கத்தில் திரும்புவது என்று நேரம் பார்த்துக்கொண்டால் பாதி வேலையைக் கடலே செய்துவிடும். தப்பாகக் கணக்கிட்டால் பாய் நிறையக் காற்றிருந்தும் கரையில் தெரியும் அதே தென்னை மரம் அசையாமல் நிற்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி நீரோட்டத்தின் வேகம் கூடும்.

பத்தாங்கட்டைக்கு அருகில் காடு போர்த்திய முனை ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் தஞ்சோங் துவான், பழைய பெயர் கேப் ரச்சாடோ. சுற்றிலும் நெகிரி செம்பிலான் மண் இருக்க, இந்த முனை மட்டும் மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம். உச்சியில் நிற்கும் வெளிச்சவீடு 1863-இல் கட்டியது. அதற்கும் முன்னூறு ஆண்டுக்கு முன்பே போர்த்துக்கீசியர் அங்கே விளக்கு வைத்திருந்தார்கள். 1606 ஆகஸ்டில் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இந்தக் கடலில் மோதிக்கொண்டதில் ‘நசாவ்’ என்ற டச்சுக் கப்பல் எரிந்து மூழ்கியது. கடலடியிலிருந்து எடுத்த அதன் பீரங்கிகளையும் மற்றச் சாமான்களையும்தான் லுக்குட் அரும்பொருளகத்தில் பார்க்கச் சொன்னேன்.

முனையடியில் நின்று மேற்கே பாருங்கள். எதிரே சுமார் நாற்பது கிலோமீட்டரில் சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு. நீரிணை ஒடுங்கும் இடம் என்பதால் மார்ச் மாதத்தை ஒட்டித் தேன்பருந்துகள் ஆயிரக்கணக்கில் கடல் தாண்டி இங்கே கரையேறுகின்றன. அந்தப் பக்கம்தான் பெரிய கப்பல்களின் பாதையும். ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் ஓடும் நீரிணை இது. அவற்றுக்கு உங்கள் படகு ஒரு தேங்காய் மட்டை. கண்ணில் பட்டாலும் சட்டென்று நிறுத்த முடியாது. முனையைச் சுற்றி நீரோட்டம் முட்டித் தண்ணீர் கொதிக்கும். ஆகவே புதியவர்கள் முனைக்கு முன்பே திரும்பிவிடுவது நல்லது. நீலக்குளம் என்று நாம் சொல்லும் புளூ லகூன் பக்கம் நங்கூரம் போட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

இனி முக்கியமான விஷயம், சுமத்ராக் காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியுமுன்னோ காலையிலோ, மேற்கிலிருந்து கருமேகம் சுவர் போல் எழும்பி வரும். முதலில் குளிர்ந்த காற்று ஒரு வீச்சு. அடுத்த சில நிமிடத்தில் மணிக்கு எழுபது கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அடித்து, மழை கண்ணை மறைக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் எதுவும் நடக்காதது போல் ஓய்ந்துவிடும். புத்தகத்தில் படித்துவிட்டு வரும் பட்டணத்துக்காரருக்கு இது பாடம். உங்களுக்கு இது வீட்டுக் கணக்கு! பெரட்டுக்குப் போகும் இருட்டில் மேற்கு வானத்தை அண்ணாந்து பார்த்து, ‘இன்றைக்கு மரம் நனைந்துவிடும், வெட்டில்லை’ என்று அம்மாவும் அப்பாவும் சொன்னது எதைப் பார்த்து? அதே மேகத்தைத்தான். நம் வீட்டுக் கூலியைக் கழுவிக்கொண்டு போன அதே மழை. ஐந்து மணிக்கு எழுந்து காற்றின் வாடையில் மழையைக் கண்டுபிடித்த பெரியவர் ஒருவர் இன்னும் வீட்டில் இருந்தால், படகில் முதல் இடம் அவருக்குக் கொடுங்கள். அவர் ‘வேண்டாம்’ என்றால் டிரெய்லரைத் திருப்புங்கள்.

கடலில் இருக்கும்போதே மேகம் எழும்பினால் பெருமை பாராட்டாமல் பாயை இறக்குங்கள். கரை பக்கமிருந்தால் கரை, இல்லாவிட்டால் நங்கூரம். மிதவைச் சட்டை ஆளுக்கு ஒன்று. பெட்டிக்குள் இருந்தால் பயனில்லை, உடம்பில் இருக்க வேண்டும். படகு கவிழ்ந்தால் நீந்திக் கரை சேரலாம் என்று விட்டுப் போகாதீர்கள். கவிழ்ந்த படகு மிதக்கும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. போர்ட்டிக்சன் கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களை நாம் அறிவோம். கடலை மறைத்து வளர்ப்பதைவிட நீச்சலும் படகும் கற்றுக்கொடுப்பது மேல் என்பது என் கட்சி.

நம்மவர்க்கு இது புதிய வித்தையுமில்லை. சிரம்பானில் யாழ்ப்பாணத்து வீடுகள் பல உண்டு, கேட்டுப் பாருங்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், நம் தமிழ் மாலுமிகளோடு 1938-இல் அமெரிக்காவின் குளஸ்டர் துறைமுகத்தில் போய் நின்றது. சென்னைப் பெண் நேத்ரா குமணன், 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்ப்படகு ஓட்டினார். இந்தியாவிலிருந்து அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் பெண் அவர். அவர் ஓட்டிய ரகம் ஒற்றை ஆள் படகு. எடை சுமார் அறுபது கிலோ. ஓர் அரிசி மூட்டைக்குக் கொஞ்சம் கூடுதல்.

வாங்குவதென்றால் பழைய படகே போதும். ஓர் ஆளுக்குக் கட்டாவிட்டால் அண்ணன், மைத்துனர், பக்கத்து வீட்டு நண்பர் என்று மூன்று பேர் கூட்டுச் சேருங்கள். அடிப்பாகத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் நுனியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றச் சொல்லுங்கள். டிரெய்லருக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் படகுக்குக் கடல் இலாகாவிலும் என்னென்ன பதிவு வேண்டுமென்று பணம் கொடுக்குமுன் விசாரித்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் களைப்பில் அப்படியே விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். டிரெய்லரின் சக்கரம் உப்புத் தண்ணீரில் முங்கியிருக்கிறது. நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, சக்கரத்துப் பேரிங்கில் கிரீஸ் வைக்காவிட்டால், அடுத்த முறை லுக்குட் சாலையில் சக்கரம் இறுகி நிற்பீர்கள். பாயை நிழலில் உலர்த்தி மடியுங்கள். அடைப்பானைக் கழற்றி, முன்பக்கம் உயர்த்தி நிறுத்தி, மேலே படுதா போட்டுக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும். சுகாதார இலாகாக்காரர் வந்து படகு என்றும் பார்க்கமாட்டார், பானை என்றும் பார்க்கமாட்டார், அபராதச் சீட்டை நீட்டிவிடுவார்.