மேனேஜருக்கு முன்வரிசை

ஊட்டி என்றதும் நம்மாட்களுக்கு மே மாதமும் மலர்க் கண்காட்சியும்தான் ஞாபகம் வரும். ஜனவரியில் போய்ப் பாருங்கள் ஸார்! ராத்திரியில் பாதரசம் பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும். தலைக்குந்தா பக்கம் அதற்கும் கீழே இறங்கும். விடிந்தால் புல் மேல் பொடி உப்பைக் கொட்டின மாதிரி உறைபனி.

என் மாமனார் வீடு அங்கேதான். வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஹாலில் கணப்பு, அதில் சீகை விறகு. மரமும் அவன் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டதுதான்.

கணப்பு முன்னால் உட்காருவதில் சீனியாரிட்டி உண்டு. முன்வரிசை பூனைக்கு. வேலை செய்யாமல் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அதன் பெயர் மேனேஜர். அடுத்து மணி, நாட்டு நாய். பிறகு மாமனார். கடைசியில் மாப்பிள்ளை!

பி.காம். மூளை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே ஆகாயத்துக்குப் போகிறது. பூனையும் நாயும் எடுத்தது போக நமக்கு வருவது, பிடித்தம் எல்லாம் போன சம்பளம் மாதிரி. அதுவும் முன்பக்கம் மட்டும்தான். கதவிடுக்கில் நுழையும் காற்றில் முதுகு விறைக்கும். தோசை மாதிரி நம்மை நாமே திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

மணி பரவாயில்லை. நாய்க்கு உடம்புச் சூடே நம்மைவிட ஒரு டிகிரிக்கு மேல் அதிகம். காலடியில் படுத்தால் விறகு கேட்காத கணப்பு.

ராத்திரி பத்தரை இருக்கும். மச்சினன் இரும்புச் சட்டியில் கனலை அள்ளிக்கொண்டு தன் அறைக்குக் கிளம்பினான்.

"புகையே இல்லை பாருங்க அத்தான். கதவைச் சாத்திட்டா கதகதன்னு இருக்கும்."

"சட்டியைக் கீழே வைடா!"

மாமனார் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை.

"மணி கூடத்தானே படுக்கும்? ஏதாவதுன்னா குரைக்காதாப்பா?"

"அதுவும் உன்னோட சேர்ந்துதாண்டா சாயும்."

மாமனார் தேயிலை ஃபாக்டரியில் இருந்தவர். ஒரு டிசம்பர் காலையில் கதவை உடைத்து உள்ளே போன நாலு பேரில் அவரும் ஒருவராம். அண்ணன், தம்பி, காலடியில் அவர்கள் நாய், நடுவில் அணைந்துபோன கரி அடுப்பு. அதற்கு மேல் சொல்லவில்லை.

கனலிலிருந்து வருவது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் பிராணவாயுவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காது. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஒட்டும். தலை வலிக்கும், கண் செருகும். தூக்கம் வருகிறது என்றே நினைப்போம். கணப்புக்கு இந்த ஆபத்தை வெளியே அனுப்பத்தான் புகைபோக்கி. சட்டிக்கு ஏது? நாய் எழுப்பும் என்று நம்பவும் முடியாது. சின்ன உயிர்கள் முந்தி மயங்கும் என்பதால்தான் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கூண்டில் கேனரிக் குருவி வைத்திருந்தார்கள்.

நாலு பேர் சேர்ந்து கொடைக்கானலில் ரூம் போட்டு, வெளியே கோழி வாட்டிய கரி அடுப்பை 'வீணாப் போகுதே' என்று உள்ளே இழுத்துவரும் ஆசாமிகளே, கேட்கிறதா? அறைக்குள் கரி வேண்டவே வேண்டாம். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தேன் என்ற சமாதானமும் வேண்டாம்.

மச்சினனுக்கு அன்றைக்கு இரண்டு கம்பளியும் வெந்நீர்ப் பையும் கிடைத்தன. எனக்குக் காலடியில் மணி, நெஞ்சின் மேல் மேனேஜர். நடுராத்திரி புரண்டு படுக்கலாமா என்று லேசாக அசைந்தேன். மேனேஜர் ஒரு கண்ணைத் திறந்து, லீவு லெட்டரைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்துவிட்டு, மூடிக்கொண்டது.