பேத்தியிடம் கற்ற பாடம்

நாலு வயதுப் பெண்ணுக்குத் துவரம் பருப்பை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்கு மாற்றக் கற்றுக் கொடுக்கவா இவ்வளவு பணம் கட்டினோம் என்று எனக்கு ஒரே ஆத்திரம். என் மகனும் மருமகளும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறார்கள். ஷிப்டு மாறி மாறி வரும். ஆகையால் பேத்தியை மாண்டிசோரி பள்ளியில் கொண்டு விட்டு அழைத்து வருவது அடியேனுடைய உத்தியோகம். "இன்று என்ன படித்தாய், கண்ணு?" என்றால், "பொத்தான் போட்டேன், தாத்தா" என்பாள். மறுநாள், "மேஜை துடைத்தேன்" என்பாள். அகரத்தைக் காணவே காணோம்!

அந்த ஆத்திரத்துடன்தான் மாண்டிசோரி அம்மையாரின் சரித்திரத்தைப் படிக்க உட்கார்ந்தேன். இத்தாலிய டாக்டரான அந்த அம்மாள் 1907-ம் வருஷம் ஜனவரி 6-ந் தேதி, ரோமாபுரியில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைகள் பேட்டையில் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு சிறுசுகள் கேட்பாரற்றுத் திரிந்த இடம் அது. எங்கள் ஊர் ஷிப்டுக் குடும்பங்களின் சங்கதிதான், போங்கள்!

அங்கே ஒரு நாள், சற்று வேடிக்கையாக இருக்கட்டுமென்று, மூக்குச் சிந்துவது எப்படி என்று அவர் பாடம் நடத்தினார். கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை. முடிந்ததும் நாடகக் கொட்டகைபோல் கைதட்டல் அதிர்ந்ததாம்! மூக்கு ஒழுகுகிறதென்று அந்தக் குழந்தைகளை எல்லோரும் திட்டியிருந்தார்கள். துடைக்கும் விதத்தைப் பொறுமையாகக் காட்டியவர்தான் இல்லை. நான் இதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன்.

அந்த அம்மாள் 1939-ல் பிரம்மஞான சபையின் அழைப்பில் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். மறு வருஷம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதால், உடன் வந்த மகன் மாரியோவைச் சர்க்கார் காவலில் வைத்தது. அம்மையாரின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி விடுவித்தது. அவர் 1946 வரை இந்நாட்டிலேயே தங்க நேர்ந்தது.

இனி என் விஷயம். எனக்கு வயது அறுபத்தெட்டு. காபியை மேஜைக்குக் கொண்டு வருவதும், சட்டைப் பொத்தான் அறுந்தால் தைப்பதும், குளித்துவிட்டு வந்தால் வேஷ்டியை எடுத்து நீட்டுவதும் எல்லாம் என் மனைவிதான். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அடுப்புப் பற்றவைக்கவும் தெரியாத கிழவனாக என்னை விட்டுப் போனாள். அவள் செய்தது அன்பினால்தான்; சுகமாயிருக்கிறதென்று உட்கார்ந்திருந்தது என் குற்றம்.

சென்ற வாரம் மருமகளுக்கு இரவு ஷிப்டு. விடிந்ததும் நானே காபி கலக்கத் துணிந்தேன். ஆற்றும்போது பாதி மேடையிலும் பாதி தரையிலும் சிந்தியது. வழக்கப்படி யாரையோ கூப்பிட வாயெடுத்தேன். பேத்தி எழுந்து வந்து பார்த்தாள். ஒன்றும் பேசாமல் துணியை எடுத்து வந்தாள். அவளே துடைத்து விடுவாள் என்று நான் ஒதுங்கி நின்றேன்.

அவள் துணியை என் கையில் வைத்துவிட்டு, தன் கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டு நின்றாள்.